அம்மாவின் வேலையை அம்மாவிடமே விடுங்கள்: வீட்டில் முதியவரைப் பார்ப்பவர்களுக்கு

வயது எண்பதைத் தொட்டதும் எங்கள் ஊர் வீடுகளில் முதலில் நடப்பது, அவர் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்குவதுதான். "நீங்க இருங்கம்மா, நான் செய்றன்." அன்பாகத்தான் சொல்கிறோம். தேங்காய் திருவ விடுவதில்லை, முற்றம் கூட்ட விடுவதில்லை, கிணற்றடிப் பக்கம் போகவே விடுவதில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்து இருந்து, கடைசியில் அந்தக் கதிரையை விட்டு எழும்பவே இன்னொருவர் கை தேவைப்படும். அதற்கு வயதைக் குறை சொல்வோம்.

நான் இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மாவுக்கு 84 வயது, பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தார், அவரையும் இதே வீட்டில்தான் பார்த்தோம். நான் டொக்டர் இல்லை, நேர்ஸும் இல்லை. கிளினிக் வாங்குகளில் இருந்து கேட்டுப் படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் உங்கள் டொக்டரிடம் கேட்டுத்தான்.

கட்டிலில் இருந்து கக்கூஸ் வரை

வீட்டில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இந்தச் சின்னத் தூரத்தைத்தான் சொல்வேன். இரவில் அவசரமாக எழும்பி, இருட்டில், தூக்கக் கலக்கத்தில் நடக்கிற தூரம் இது. வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கவும் பெயின்ற் அடிக்கவும் வெளிநாட்டுக் காசு வருகிறது. கக்கூஸில் ஒரு கைபிடி போட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

முதலில் கட்டிலின் உயரத்தைப் பாருங்கள். விளிம்பில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும், முழங்கால் ஏறத்தாழ நேர்கோணத்தில் மடிய வேண்டும். பழைய மரக்கட்டில்கள் பல உயரமானவை. தச்சரைக் கூப்பிட்டு நான்கு காலிலும் கொஞ்சம் அறுத்தால் போதும், புதுக்கட்டில் வேண்டாம். பதிவான கட்டில் என்றால் காலுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். அப்படியே பிளாஸ்ரிக் கதிரையையும் மாற்றிவிடுங்கள். கையை ஊன்றி எழும்பும்போது டைல்ஸ் தரையில் அதன் கால்கள் விரியும். கைபிடியுள்ள மரக்கதிரைதான் நம்பிக்கையானது.

கக்கூஸில் கைபிடி வைக்கும்போது அளவு நாடாவைத் தேடாதீர்கள். அவரை அங்கே இருத்தி, எழும்பச் சொல்லுங்கள். கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ, அங்கே சோக்கால் ஒரு கோடு போடுங்கள். மேசன் அந்த இடத்தில்தான் துளைக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் கைக்குள் நன்றாக அடங்கும். துவாய் போடும் கம்பியைக் கைபிடி என்று நினைக்க வேண்டாம், அது ஆளின் பாரம் தாங்காது. குந்தும் கக்கூஸ் மட்டும்தான் இருக்கிறது, கொமட் வைக்க வசதியில்லை என்றால், நடுவில் துளையுள்ள கொமட் கதிரையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

மாரியில் கிணற்றடிச் சீமெந்தும் பின்வாசலும் பாசி பிடித்து வழுக்கும். கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள், மழைக்காலம் முழுக்க இடைக்கிடை தேய்க்க வேண்டியிருக்கும். வாசற்படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு அடித்தால், பார்வை மங்கியவருக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியும். இரவில் நடைவழியில் சின்ன எல்.இ.டி பல்ப் எரியட்டும். கறண்ட் போகிற ஊர் என்பதால் தலையணைப் பக்கத்தில் ஒரு டோர்ச், கயிறு கட்டிக் கட்டில் காலோடு. அப்பாமாருக்குச் சாரம் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். தேய்ந்த இறப்பர் செருப்பைக் கண்டதும் எறிந்துவிடுங்கள். அவர்கள் திரும்ப எடுத்து வைப்பார்கள், இன்னொரு முறை எறியுங்கள்.

எழும்பும் முறையும் முக்கியம். படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் இரத்த அழுத்தம் இறங்கும், பிரஷர் குளிசை குடிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. முதலில் கட்டில் விளிம்பில் இருந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் போன பிறகு நிற்க வேண்டும். நின்று ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் நடை. அப்படியும் தலை சுற்றுகிறதென்றால், படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிரஷரைப் பார்த்துத் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். நாங்கள் கேட்காவிட்டால், இருந்தபடி பார்த்து எழுதி அனுப்பிவிடுவார்கள்.

விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தலை அடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால், எழும்பி இருந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும் முறிவு வைத்தியரிடம் போவதும் எக்ஸ்ரே எடுத்த பிறகு. இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அயலில் யார் என்ன சொன்னாலும் சரி.

உடம்புக்கு வேலை

அம்மாவுக்கு ஒரே ஒரு உடற்பயிற்சிதான். ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் முன்னால் கதிரையில் இருந்து 5 தரம் எழும்பி இருப்பது. முடிந்தால் கையை ஊன்றாமல், முடியாவிட்டால் ஊன்றி. பார்க்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் கக்கூஸில் இருந்து தனியாக எழும்பத் தேவையான தொடைத் தசைக்கு இதுதான் வேலை. பாத்திரம் கழுவும் இடத்தைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது அடுத்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் கிழமைக்கு 3 நாளாவது சமநிலைக்கும் தசைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நடை மட்டும் போதாது.

நடப்பதென்றால் விடியற்காலையில், ஒழுங்கையின் கெட்டியான நிலத்தில். கடற்கரைக்குக் கூட்டிப்போவது மனதுக்கு நல்லதுதான், ஆனால் புதையும் மணலில் கணுக்கால் மடங்கும். அங்கே கதிரை போட்டு இருத்திவிடுங்கள்.

மிச்சப் பயிற்சி எல்லாம் குசினியில் இருக்கிறது. முருங்கையிலை உருவுவது, அரிசியில் கல் பொறுக்குவது, நெத்தலித் தலை கிள்ளுவது. நிலத்தில் குந்தித் திருவும் திருவலையை மேலே தூக்கி வைத்துவிட்டு, மேசையில் பூட்டும் திருவலை ஒன்று வாங்கினோம். இப்போது தேங்காய் அம்மாவின் பொறுப்பு. நான் திருவினால் அரை மணித்தியாலம் மிச்சம் என்பது உண்மைதான். சொதிக்கு முதற்பால் பிழிவதில் என் கை சரியில்லை என்று அவர் குறை சொல்வதும் உண்மை. இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பு பன்பாய் இழைத்தவர், தைத்தவர், தோட்டம் செய்தவர் என்றால் அந்தந்த வேலையில் இருந்து ஒரு துண்டைத் திருப்பிக் கொடுங்கள். கண் தெரியவில்லை என்று மறுத்தால் அதைச் சாட்டு என்று விட்டுவிடாமல் கண் கிளினிக்கில் காட்டுங்கள். கண்புரை சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தரம் கண் பார்க்கத்தான் வேண்டும்.

கச்சான் காற்றும் தண்ணியும்

ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கினால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே தொண்டை காயும். ஆனால் வயது போனவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. "தண்ணி குடிங்கம்மா" என்றால் "மறுகா குடிக்கிறன் புள்ள" என்பதுதான் பதில். அந்த மறுகா வராது.

ஆகவே கேட்கக்கூடாது, நேரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குளிசையோடு ஒரு முழுக் கோப்பை. பத்து மணிக்கு உப்புக் குறைந்த மோர். மத்தியானம் சோற்றோடு தண்ணியாக ஒரு கறி. மூன்று மணிக்குச் சீனி போடாத தேத்தண்ணி. கஞ்சி, ரசம் எல்லாமே கணக்கில் சேரும். பலர் தண்ணி குடிக்காததற்குக் காரணம், இரவில் ஒண்டுக்கு எழும்ப வேண்டுமே என்ற பயம். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே நாளின் பெரும்பகுதியைக் குடித்து முடித்தால் அந்தப் பயம் குறையும். சிறுநீர் கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணி காணாது என்று அர்த்தம். இருதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் டொக்டர் ஒரு அளவு சொல்லியிருப்பார், அவர்களுக்கு அந்த அளவுதான். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீரும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

தகரக் கூரை வீட்டில் நடுப்பகலில் அவரை உள்ளறையில் அடைத்து வைக்காதீர்கள். மர நிழலில் ஒரு கட்டில் போடுவது எவ்வளவோ மேல். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சும் தடுமாறினால் அது வெயில் தாக்கம். பனடோல் அதற்கு வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 1990-க்கு அழையுங்கள்.

தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பாடாகாது

பல்லுப் போனதும் பசி குறைந்ததும் சேர்ந்து, முதியவர்கள் மெல்ல மெல்லப் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் போய்விடுவார்கள். வயிறு நிரம்பும், தசை கரையும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 1 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது முதியவர்களுக்கான பொதுக்கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று பார்த்தால், எவ்வளவு காணாமல் இருக்கிறது என்று புரியும். சிறுநீரக வருத்தம் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, கேட்டுச் செய்யுங்கள்.

வாவி மீன் ருசிதான், முள்தான் பிரச்சினை. "எனக்கு மீன் வேணாம்" என்று அவர் சொன்னால் முள்ளுக்குப் பயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுறா வறை நல்ல வழி, அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்தால் பல்லில்லாதவரும் சாப்பிடலாம். பிட்டைச் சொதியில் ஊற வைத்து, பருப்பைக் குழைய விட்டு, எங்கள் பக்கத்துத் தயிர் ஒரு கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் பிரஷர்காரருக்கு உப்பு மூட்டை. அவற்றை முழுக்க நிறுத்தி அம்மாவோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டோடு ஒரு அப்பளம் உண்டு.

சாப்பிடும்போது நிமிர்ந்து இருக்க வேண்டும், படுத்தபடி ஊட்டக்கூடாது. தண்ணி குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். தொண்டையில் இறங்க வேண்டியது நுரையீரலுக்குப் போகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தசஷ்டி ஆனாலும் நோன்பு ஆனாலும், சீனிக் குளிசை குடிப்பவர், இன்சுலின் போடுபவர் முதலில் கிளினிக்கில் கேட்க வேண்டும். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத கோபம், குழப்பம். நினைவோடு இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே அம்புலன்ஸ்.

குளிசை உறைகள்

கிளினிக்கில் குளிசைகளைச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, பேனையால் நேரம் எழுதித் தருவார்கள். அம்மாவால் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. ஆகவே காலை உறையில் ஒரு சூரியன், இரவு உறையில் ஒரு பிறை, இரண்டு நேரமும் என்றால் இரண்டு படமும் தடித்த பேனையால் வரைந்துவிடுவேன். அதைப் பார்த்து அவரே எடுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் குடிப்பார்.

கவனிக்க வேண்டியது இது: போன மாதம் வெள்ளையாக இருந்த குளிசை இந்த மாதம் வேறு கம்பனியில் இருந்து ரோஸ் நிறத்தில் வரும். இரண்டும் ஒரே மருந்து. பழையது மிச்சமிருந்தால் இரண்டையும் சேர்த்துக் குடித்துவிடுவார்கள். புதிய மருந்து வந்த நாளே பழைய உறைகளைப் பிரித்து, பெயரை ஒத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மருந்து கொடுக்கும் யன்னலிலேயே நின்று கேட்டுவிடுங்கள், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

தடிமன் என்றால் பிரிட்டன் (Piriton) குளிசை, முழங்கால் நோவென்றால் டைக்குளோபினாக் என்ற நோக்குளிசை. பாமசியில் கேட்டதும் கிடைக்கிறது. பிரிட்டன் வயதானவர்களுக்குத் தூக்க மயக்கத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும், சிறுநீர் அடைக்கவும் செய்யலாம். அன்றிரவு விழுவதற்கு அது போதும். டைக்குளோபினாக் வகைக் குளிசைகள் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். அடுத்த வீட்டுக்காரர் தரும் குளிசையும் ஆயுர்வேத லேகியமும் உட்பட வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு டொக்டர் முன்னால் கொட்டிக் காட்டுங்கள். மாரியில் அந்தப் பை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் கையில் எடுக்க வேண்டிய முதற்சாமான் அதுதான்.

குழப்பம் வந்தால்

1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை பறந்த கதையை அம்மா ஒரே நாளில் மூன்று தரம் சொல்லுவார். அது எனக்குப் பிரச்சினையில்லை, மூன்றாவது தரமும் கேட்பேன். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடுகிறதென்றால் கிளினிக்கில் சொல்லிப் பரிசோதிக்கலாம், அவசரம் இல்லை.

நேற்று நன்றாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் பேசுகிறார் என்றால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றியது, இரத்தத்தில் உப்புக் குறைந்தது, புதிதாகத் தொடங்கிய மருந்து, நாள்கணக்கில் மலம் போகாதது, இப்படிப் பிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். பேய்க்குப் பார்ப்பதும் நூல் கட்டுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அன்றைக்கே வைத்தியசாலை. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை பலமில்லாமல் தொங்குவது, பேச்சு குழறுவது பாரிசவாதத்தின் அடையாளம். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பலன் தரும், ஆகவே தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு

2 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுங்கள். குண்டிப்பூட்டு, இடுப்பு, குதிக்கால் மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, அந்தப் பக்கம் பாரம் போகாமல் வைக்க வேண்டும். ஆளைக் கையால் இழுக்காமல், கீழே விரித்த துணியை இரண்டு பேர் பிடித்துத் திருப்பினால் அவர் தோலுக்கும் நல்லது, உங்கள் நாரிக்கும் (கீழ்முதுகுக்கும்) நல்லது.

பார்க்கிறவரைப் பார்க்க

நாரி என்றதும் நினைவு வருகிறது. குனிந்து தூக்காதீர்கள், முழங்காலை மடித்து, ஆளை உங்கள் உடம்போடு நெருக்கிப் பிடித்து எழுப்புங்கள். அம்மாவின் கிளினிக் திகதி மனப்பாடமாக இருக்கும், தன் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று தெரியாது. பராமரிப்பவர்கள் அநேகமாக இப்படித்தான். 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் பார்க்கும் நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன, இலவசம்தான். நித்திரையில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் 1926-க்கு அழைத்துக் கதைக்கலாம், மனநலத்துக்கான தேசிய இலக்கம் அது.

60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுத்து வையுங்கள், பிரதேச செயலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். முதியோர் உரிமைகளுக்கென்று 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் முறையிடவும் அதில் இடமுண்டு.

சகோதரர்களிடம் காசு மட்டும் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவால் குளிப்பாட்ட முடியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ அழைப்பில் அம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைக்க முடியும். அந்த நேரம் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். பக்கத்தில் இருக்கும் மச்சாளிடம் "எப்பவாவது வந்து பாருங்க" என்றால் வரமாட்டார். "புதன் காலை எட்டில் இருந்து பன்னிரண்டு வரை" என்று சொன்னால் வருவார்.

அவர் வரும் நாளுக்கென்று ஒரு தாளை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: குளிசை நேரம், தண்ணி நேரம், 1990, என் தொலைபேசி இலக்கம், கிளினிக் கொப்பி இருக்கும் இடம். கடைசி வரியை அம்மா சொல்ல எழுதினேன்: தேங்காயை யாரும் திருவி வைக்கக்கூடாது, வானொலியை நிற்பாட்டக்கூடாது.